கோமாரி இல்லை, கௌமாரி

கௌமாரி, மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்

முதல்ல ஒரு சின்ன வேலை செய்யுங்க. என் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. மனசுக்குள்ள இல்லை, வாய்விட்டு. ரூம்மேட் தூங்கிட்டு இருந்தாலும் பரவாயில்லை.

சொன்னீங்களா? முதல் எழுத்தை எப்படிச் சொன்னீங்க? ‘கண்’ணுல வர்ற அழுத்தமான க-வா, ‘தங்கம்’னு சொல்லும்போது நடுவுல வர்ற க-வா? எங்க வீட்டுல ரெண்டாவது. எங்க தெருவுலயும் ரெண்டாவதுதான். நீங்க முதல் மாதிரி சொல்லியிருந்தாலும் தப்பில்லை, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ஊர் உத்தமபாளையம். அந்தப் பக்கம் வந்திருக்கீங்கன்னா, தேனி போற வழியில முல்லைப் பெரியாற்றங்கரையில இருக்கிற வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தெரிஞ்சிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிற கூட்டத்துல ராத்திரி பகல் தெரியாது. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாம, எங்கம்மாவும் அந்தக் கூட்டத்துல ஒரு சட்டி ஏந்திப் போனவங்கதான். பொண்ணு பிறந்தா உன் பேரு வைக்கிறேன்னு வேண்டுதல். பொண்ணு பிறந்துச்சு. அம்மா உள்ளங்கையில இன்னமும் ஒரு வடு இருக்கு. என் பேருக்கு ஆதாரம் கேட்டா நியாயமா அதைத்தான் காட்டணும்.

எங்க பக்கம் இது அதிசயமான பேர் இல்லை. ஸ்கூல்ல என் வகுப்புலயே மூணு கௌமாரி. இனிஷியல் வெச்சுப் பிரிச்சாங்க. யாருக்கும் நாக்கு சுளுக்குனது இல்லை. ஆனா பசங்க சும்மா இருப்பாங்களா? ஆட்டோவுல மைக் கட்டி ‘கோமாரி நோய்த் தடுப்பூசி முகாம், மாடு வளர்ப்போர் அனைவரும்’னு அறிவிப்பு வர்ற நாளெல்லாம் எங்க மூணு பேருக்கும் திண்டாட்டம்தான். ‘ஏய், ஊசி போட்டாச்சா?’

சரி, காலேஜ் போனா இதெல்லாம் முடிஞ்சுரும்னு நினைச்சேன். முதல் நாள் அட்டெண்டன்ஸ். லிஸ்ட்டுல இருந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, ‘கவ்… மேரி?’னு கூப்பிட்டாங்க. பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன் ‘ம்மாஆ’ன்னான். கோமாரியில இருந்து தப்பிச்சு வந்தா இங்கயும் மாடுதான். ஒரு செமஸ்டர் முழுக்க அதுதான் என் பேர். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். சிரிக்கலைன்னா ‘சீன் போடுறா’ம்பாங்க. இதைப் படிக்கிற உங்கள்ல நாலஞ்சு பேருக்காவது அந்தச் சிரிப்பு எப்படி வலிக்கும்னு தெரியும்.

‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா, ஒரு எழுத்துதானே’ன்னு கேக்கலாம். போன வருஷம் வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் எனக்கு வர வேண்டிய உதவித்தொகை நின்னுபோச்சு. காரணம் கேட்டா ‘பெயர் பொருந்தவில்லை’. எடுத்து வெச்சுப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுல ஜி, ஓ, டபிள்யூ, எம், ஏ, ஆர், ஐ. ஆதார்ல முதல் எழுத்து கே. பேங்க் பாஸ்புக்குல நடுவுல டபிள்யூவைக் காணோம், அதாவது சுத்தமான கோமாரி. அம்மா வெச்ச பேர் ஒண்ணு, காகிதத்துல நான் மூணு பேர். அந்த மூணு பேரும் ஒரே ஆள்னு நிரூபிக்கிறதுக்கு எங்கப்பா தோட்டத்து வேலையை விட்டுட்டு நாலு நாள் அலைஞ்சாரு. நாலு நாள் கூலி போச்சு. ஒரு எழுத்தோட விலை எங்க வீட்டுல அவ்வளவு.

யார் மேல தப்பு? யோசிச்சுப் பார்த்தா ஆளுன்னு யாருமே இல்லை. தமிழ்ல ‘க’ ஒண்ணுதான். ஆங்கிலத்துக்குப் போகும்போது அது கே-யா ஜி-யான்னு எழுதறவங்க முடிவு பண்றாங்க. அடுத்து அந்த ‘ஔ’. அதை ஏ-யூன்னு எழுதலாம், ஓ-யூன்னு எழுதலாம், ஓ-டபிள்யூன்னும் எழுதலாம். எங்க ஊர்லயே பாருங்க. ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, அதுல ‘ஹௌ’வுக்கு ஓ-டபிள்யூ. பக்கத்துல காமயகவுண்டன்பட்டி, அதுக்கு ஓ-யூ. தமிழ்லயே ஒரு முடிவு இல்லை. கோயில் போர்டுல கௌமாரி, பேப்பர்ல கவுமாரி. ஐ, ஔ ரெண்டையும் விட்டுட்டு அய், அவ்னு எழுதலாம்னு பெரியார் சொன்னாரு. 1978-ல தமிழ்நாடு அரசு அவரோட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டப்போ ணை, லை, னா, றா எல்லாம் மாறுச்சு, இந்த ரெண்டு மட்டும் அப்படியே நின்னுபோச்சு. என் பேர் அந்த மிச்சத்துல மாட்டிக்கிட்டு இருக்கு.

எங்க பள்ளத்தாக்கு பேரே ஒழுங்கா வாசிக்கப்பட்டதில்லை, நான் எந்த மூலைக்கு? கம்பம்ங்கிற ஊரை ஆங்கிலத்துல எழுதறப்போ ரெண்டு ‘அ’வுக்கும் யூ போட்டிருக்காங்க. வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் அதை ‘கும்பும்’னுதான் படிக்கிறாங்க. அதை எழுதுன வெள்ளைக்காரன் காதுல தப்பில்லை. ‘கப்’, ‘பட்’னு அவன் மொழியில யூ-வுக்கு அந்தச் சத்தம்தான். கடலூர், கடப்பா, பஞ்சாப் எல்லாத்துலயும் அதே யூதான். கடப்பாக்காரங்க மாத்திக்கிட்டாங்க. நாங்க இன்னும் கும்பும்தான்.

மாத்தறதும் லேசான வேலை இல்லை. 2020 ஜூன் மாசம் ஞாபகம் இருக்கா? லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுல இருந்தப்போ, தமிழ்நாட்டுல 1018 ஊர்ப் பேர்களோட ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி அரசாணை வெளியாச்சு. நல்ல எண்ணம்தான். ஆனா வேலூருக்குப் போட்ட எழுத்தைப் பார்த்தா ‘வீலூர்’னு படிக்கத் தோணும். கோயம்புத்தூர் ஒரு முழ நீளத்துக்குப் போச்சு. மீம் போட்டே தீர்த்துட்டாங்க. அதே மாசம் ஆணையை வாபஸ் வாங்கிட்டாங்க. என்னைக் கேட்டா, அந்தந்த ஊர்க்காரங்க கிட்ட எழுதிக் காட்டி ‘இதை உங்க ஊர்ப் பேரா படிக்க முடியுதா’ன்னு கேட்டிருந்தா பாதி பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இதுல எங்க ஆளுங்களை நான் ரொம்ப நியாயப்படுத்த முடியாது. ஏன்னா நாங்களும் ஒரு பேரை நூறு வருஷத்துக்கு மேல எங்க இஷ்டத்துக்குச் சொல்லிட்டு இருக்கோம். முல்லைப் பெரியாறு அணை கட்டுன கர்னல் ஜான் பென்னிகுவிக். 1895-ல அணை திறந்து தண்ணி வந்த பிறகுதான் எங்க பக்கம் ரெண்டு போகம் நெல்லைப் பார்த்துச்சு. லோயர் கேம்ப்புல மணிமண்டபம், தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேர், அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல பொங்கல், பிள்ளைகளுக்கு அவர் பேர், டீக்கடைக்கு அவர் பேர். போர்டுகளை வரிசையாப் படிச்சுக்கிட்டே போங்க: பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னிக்விக், பென்னிகுக். எங்க அப்பத்தா வெறும் ‘பென்னி தொர’ன்னு முடிச்சிரும். அந்தக் குடும்பப் பேர் ஸ்காட்லாந்துல எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கிற ஒரு ஊரோட பேர்ல இருந்து வந்தது. அந்த ஊர்க்காரங்க அதை ‘பெனிகுக்’னு சொல்றாங்க, ‘குவிக்’ எல்லாம் கிடையாது. (எடின்பரோவும் உண்மையில எடின்பராதானாம். அதை விடுங்க.)

எங்க வீட்டுல சாமி படங்களுக்குப் பக்கத்துல தொரை படமும் இருக்கு. அப்பா தினமும் வயலுக்குப் போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவாரு. அவர் சொல்ற பேர் தப்பா இருக்கலாம். ஆனா அதை அவமரியாதைன்னு யாராவது சொன்னா சண்டைக்கே போவேன். அதனாலதான் சொல்றேன், நாக்கு திரும்பலைங்கிறது எனக்குப் பிரச்சினையே இல்லை. எங்க வகுப்புல ஒரு பீகார் பையன் என்னை ‘கோமாரீ’ன்னுதான் இழுப்பான். மூணு தடவை கேட்டு, முயற்சி பண்ணி, அதுக்கு மேல முடியாம அங்க நின்னவன். அவன் கூப்பிட்டா உடனே திரும்புவேன். ‘ம்மாஆ’ன்னவனுக்கு என் பேர் நல்லாவே சொல்ல வரும். அவன் போடிக்காரன்.

2020 அக்டோபர்ல அமெரிக்காவுல ஒரு செனட்டர், டேவிட் பெர்டியூ, தேர்தல் மேடையில கமலா ஹாரிஸ் பேரை வேணும்னே நாலு விதமாத் திரிச்சுச் சொன்னாரு. அவரும் கமலாவும் பல வருஷம் ஒரே சபையில உக்காந்தவங்க. தெரியாமலா சொல்லியிருப்பாரு? உடனே ஆயிரக்கணக்கான பேர் ‘என் பேர் இது, இதோட அர்த்தம் இது’ன்னு இணையத்துல எழுத ஆரம்பிச்சாங்க. நாமளும் இங்கேயிருந்து பொங்குனோம், நம்ம வீட்டுப் பொண்ணாச்சே. ஆனா ஒரு வேடிக்கை. அவங்க தன் பேரைச் சொல்ற விதம், ஆங்கிலத்துல நிறுத்தக்குறியைச் சொல்ற ‘காமா’ கூட ஒரு ‘லா’. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துல, அவங்க தாத்தா ஊர்ல, சொல்றது நம்ம ‘கமலா’. எது சரி? அவங்க பேருக்கு அவங்க சொல்றதுதான் சரி. தாத்தா ஊரா இருந்தாலும் அதுல திருத்தம் போட முடியாது.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்கும் ஒருத்தர் திருத்தம் போட்டாரு. படிச்ச மனுஷன், நல்லவர்தான். ‘உன் பேரு வடமொழியில கே-ல வரும்மா. குமாரனோட சக்தி. சப்த மாதாக்கள்ல ஒருத்தி. ஜி போடுறது பாமர வழக்கு’ன்னாரு. தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. பிராமி, மாகேஸ்வரி, கௌமாரின்னு அந்த வரிசையில மூணாவதா கே-ல தொடங்குற ஒருத்தி நிக்கிறா. அதனாலதான் ஆரம்பத்துல சொன்னேன், நீங்க அழுத்திச் சொல்லியிருந்தாலும் தப்பில்லைன்னு. ஆனா தீச்சட்டி எடுத்துட்டு எங்கம்மா கூப்பிட்டது சப்த மாதாக்கள்ல மூணாவதை இல்லை, ஆத்தங்கரையில இருக்கிற எங்க ஆத்தாவை. அந்தக் கூட்டம் எப்படிக் கத்துதோ அதுதான் என் பேர். இலக்கணம் அதுக்கப்புறம் வரட்டும்.

மனுஷங்களோட பேசித் தீர்த்துக்கலாம். எனக்கு இப்போ பயமே நம்ம துறையைப் பார்த்துத்தான்.

முதல்ல ஒரு வித்தை காட்டறேன். இது ஒண்ணு: கௌமாரி. இது இன்னொண்ணு: கெளமாரி. வித்தியாசம் தெரியுதா? பல ஃபோன்ல தெரியவே தெரியாது. கன்ட்ரோல் எஃப் போட்டு, முதல்ல இருக்கிறதைக் காப்பி பண்ணித் தேடுங்க. ரெண்டாவது மாட்டாது. முதல்ல இருக்கிறதுல ‘க’வும் ஔகாரக் குறியும், மொத்தம் ரெண்டு குறியீடு. ரெண்டாவதுல ‘க’, எகரக் கொம்பு, பிறகு ‘பள்ளி’யில வர்ற ‘ள’, மூணு குறியீடு. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. யூனிக்கோடு சொல்ற நார்மலைசேஷன் போட்டாலும் இது ஒண்ணாகாது, ஏன்னா அதைப் பொறுத்தவரை ‘ள’ தனி எழுத்து. எத்தனை பட்டியல்ல என்னை ள-வோட அடிச்சு வெச்சிருக்காங்களோ, தேடினா ‘அப்படி யாரும் இல்லை’ன்னுதான் வரும்.

ஆங்கிலத்துக்கு வாங்க. சத்தத்தை வெச்சுப் பேரைத் தேடுறதுக்கு சவுண்டெக்ஸ்னு ஒரு முறை இருக்கு, 1918-ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது. இன்னிக்கும் பல டேட்டாபேஸ்ல ஒரு ஃபங்ஷனா உக்காந்திருக்கு. முதல் எழுத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, உயிரெழுத்துகளைத் தூக்கிட்டு, மெய்யெழுத்துகளுக்கு நம்பர் போடும். என் மார்க் ஷீட் பேருக்கு ஜி560. பாஸ்புக் கோமாரிக்கும் ஜி560. நல்லா இருக்குல்ல? ஆதார்ல இருந்த கே பேருக்கு கே560. முடிஞ்சுது, வேற ஆள். முதல் எழுத்து மாறாதுங்கிற நம்பிக்கையில கட்டுன முறை அது. ஒரே ‘க’வை ரெண்டு விதமா எழுதற ஒரு மொழி இருக்குங்கிறது அவங்க கணக்குலயே இல்லை. எத்தனை எழுத்து வித்தியாசம்னு எண்ணற லெவன்ஷ்டைன் தூரம் நாம எல்லாரும் லேப்ல எழுதினதுதான். அதுல இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல வெறும் ஒண்ணு. நான் சவுண்டெக்ஸ்ல ஒருத்தி இல்லை, லெவன்ஷ்டைன்ல கிட்டத்தட்ட ஒருத்தி. எந்த முறையை எடுக்கிறதுங்கிறது ஏதோ ஒரு இன்ஜினியர் ஒரு மத்தியானம் எடுத்த முடிவு. எங்கப்பாவோட நாலு நாள் அங்க போச்சு.

அப்புறம் அந்தக் கடைசிப் பெயர்க் கட்டம். சிவப்பு நட்சத்திரம் போட்டு, கட்டாயம்னு நிக்கும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? அப்பா பேரோட முதல் எழுத்துதான். ஒரு எழுத்து போட்டா ‘குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை’ம்பான். புள்ளி வெச்சா ‘செல்லாத குறியீடு’ம்பான். அதனால நம்ம பாதிப் பேர் வெளிநாட்டு ஃபாரத்துல அப்பாவாகவே ஆயிடுறோம். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே ‘விஷி’ன்னு கூப்பிடுது. அது அவங்க அப்பா பேரோட சுருக்கம். 2010-ல பேட்ரிக் மெக்கென்ஸின்னு ஒரு புரோகிராமர், மனுஷப் பேர்களைப் பத்தி புரோகிராமர்கள் நம்புற பொய்கள்னு ஒரு பட்டியல் போட்டாரு. தேடிப் படிங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும். நான் அதை வாசிச்சப்போ எங்க ஊர்க்காரர் யாரோ எழுதின மாதிரியே இருந்துச்சு. அடுத்த வருஷம் இந்நேரம் நம்மள்ல எத்தனையோ பேர் எங்கயோ உக்காந்து அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை வெக்கப் போறோம். வெக்கறதுக்கு முன்னாடி உங்க அப்பத்தா பேரை அதுல டைப் பண்ணிப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல ஒருத்தர் அன்பாத்தான் சொன்னாரு: ‘கௌரின்னு மாத்திக்கோம்மா. அழகா இருக்கும், இன்டர்வியூவுல ஈசி.’ வீட்டுல சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘வேலை கிடைக்கும்னா மாத்திக்கோ தாயி, ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா’ன்னாரு. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பண்ணைப்புரம் எங்க தாலுகாதான். அங்க ராசையாவா இருந்தவர் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட ராஜாவாகி, 1976-ல ‘அன்னக்கிளி’க்கு இளையராஜா ஆனாரு. ஆங்கிலத்துல அவர் எழுதறது நடுவுல ரெண்டு ஏ போட்டு. பாதிப் பேர் ஒரு ஏ-யை முழுங்கிடறாங்க, சில பேர் ரெண்டு எல் போடறாங்க. பேர் மாத்தறது பாவம்னு நான் சொல்லலை. அவர் ஒரு பாட்டுக்காரரா புதுசா பிறந்தாரு, அதுக்கு ஒரு பேர். எனக்கு அப்படி ஒண்ணும் ஆகலை. வாசிக்கிறவருக்குச் சிரமம்னு ஒரு காரணத்துக்காக மாத்த எனக்கு மனசு வரலை. லிங்க்ட்இன்ல பேரைச் சொல்லிப் பதிவு பண்ற வசதி 2020-லயே வந்திருச்சு. அதுல என் குரல்ல சொல்லி வெச்சிருக்கேன். எச்.ஆர். பத்து செகண்ட் கேட்டா போதும்.

இவ்வளவு பேசற நானும் யோக்கியமில்லை. எங்க ஹாஸ்டல் மெஸ்ல ஒடிசாவுல இருந்து வந்த ஒரு அண்ணன் ரெண்டு வருஷமா எனக்குச் சோறு போடறாரு. ரெண்டு வருஷமா நான் அவரைக் கூப்பிட்டது ‘பாய்’. இந்தக் கட்டுரையில பாதி எழுதின பிறகுதான் அது உறைச்சுது. போன வாரம் போய்ப் பேரைக் கேட்டேன். முதல்ல ஏதோ புகார்னு நினைச்சுப் பயந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு. நடுவுல ஒரு கூட்டெழுத்து எனக்கு வரலை. திரும்பச் சொன்னாரு, திரும்பவும் வரலை. அவர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். பேரை இங்க எழுதலை, அவர்கிட்ட இன்னும் கேக்கலை. இன்னும் நாலு நாள் சொல்லிப் பழகினா வந்துரும்.

ஆதார் விஷயம் முடியலைன்னு சொல்ல மறந்துட்டேன். பேர்த் திருத்தத்துக்கு வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் அனுமதி. முதல் தடவை போனேன். கே-யை ஜி ஆக்கினாங்க. ஆனா டைப் பண்ணும்போது கடைசியில ஐ போய் ஒய் வந்திருச்சு. சரிபார்க்கச் சொல்லி ஸ்லிப்பைக் கையில கொடுத்தாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். ஆக, இப்போ அரசாங்கக் கணக்குலயே கவ் மேரி.

மிச்சம் இருக்கிறது ஒரே தடவை. வர்ற சனிக்கிழமை போறேன். அம்மாவும் கூட வர்றாங்களாம். அவங்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனா என் பேரோட ஏழு எழுத்தையும் நேத்து ராத்திரி ஃபோன்ல வரிசையா ஒப்பிச்சாங்க. ஓ-வுக்குப் பக்கத்துல மட்டும் ஒரு நிமிஷம் யோசிச்சாங்க.